கம்பி போச்சு, கவலை போச்சா?
ஒயர் இல்லாத கீபோர்டு வாங்குவோர் உஷார்!

மதுரை:-

டைப்ரைட்டர் ‘டக் டக்’ என்று தட்டிய மேஜைகளில் இப்போது கம்பி இல்லாத கீபோர்டு! காலில் சிக்கும் ஒயர் இல்லை. பைலை நகர்த்தினால் கூடவே இழுத்துக்கொண்டு வரும் தொல்லையும் இல்லை.

ஆனால் கம்பியோடு கவலையும் போய்விட்டதா? அதுதான் இல்லை!

மதுரை கலெக்டர் அலுவலகமோ, மேலூர், திருமங்கலம் தாலுகா அலுவலகமோ, மனு எழுதிக் கொடுப்பவரிடம் ஜனங்கள் தங்கள் ஜாதகத்தையே ஒப்படைக்கிறார்கள். ஆதார் எண், பட்டா நம்பர், பேங்க் கணக்கு... எல்லாம் அந்தக் கீபோர்டு வழியாகத்தான் போகிறது.

காற்றில் போகும் எழுத்து

இந்தக் கீபோர்டும் போலீஸ் ஒயர்லெஸ் மாதிரிதான். சாவியை அமுக்கியதும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் தகவல் கிளம்புகிறது. கம்ப்யூட்டரில் சொருகிய விரல் நகம் அளவு ரிசீவர் அதை வாங்கிக் கொள்கிறது. ரகசியக் குறியீடாக மாற்றாமல் அனுப்பினால் மற்றவரும் வாங்கிக் கொள்ளலாம்!

2016-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ‘பாஸ்டில்’ நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. 8 கம்பெனிகளின் மலிவு விலை கீபோர்டுகள், அடித்த எழுத்தை அப்படியே பச்சையாக அனுப்பின. 250 அடி தூரத்தில் இருந்தே ஒட்டுக்கேட்க முடிந்தது.

250 அடி என்றால் எதிர்வரிசைக் கடையையும் தாண்டும் தூரம்! பாஸ்வேர்டு பறிபோனாலும் ‘எப்படிப் போச்சு?’ என்றே தெரியாது.

எதைப் பார்த்து வாங்குவது?

பயந்து ஓட வேண்டாம். ‘புளூடூத்’ ரகங்கள் அந்தச் சோதனையில் சிக்கவில்லை. ரிசீவர் ரகம் என்றால், அட்டைப்பெட்டியில் ‘ஏ.இ.எஸ். 128 பிட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பூட்டு. டவுன்ஹால் ரோடு கடையோ, உள்ளூர்க் கடையோ, விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

எழுத்து விட்டு விட்டு விழுகிறதா? ரிசீவரை கம்ப்யூட்டரின் முன்பக்கம் சொருகிப் பாருங்கள். இரும்பு பீரோ மறைத்தால் அலை தடுமாறும். பக்கத்தில் உள்ள ‘வைபை’ பெட்டியும் இடைஞ்சல் செய்யும்.

ரிசீவர் தொலைந்தால் பெரும்பாலும் கீபோர்டும் தண்டம்தான். கண்ட ரிசீவர் அதற்குச் சேராது. பேட்டரி பாதி மனுவில் காலை வாரும். ஒரு ஜோடி டிராயரில் இருக்கட்டும்.

தமிழுக்குத் தனி கீபோர்டா?

‘தமிழ் எழுத்து இல்லையே’ என்று கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டர்தான், கீபோர்டு அல்ல.

தமிழக அரசு 1999-ல் ஏற்ற ‘தமிழ்99’ முறையில் உயிரெழுத்துக்கள் இடது கைக்கு, மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலது கைக்கு. டைப்ரைட்டிங்கில் ‘லோயர்’, ‘ஹையர்’ பாஸ் செய்த பழைய கைகளுக்குப் பழைய டைப்ரைட்டர் முறையும் கம்ப்யூட்டரில் உண்டு. எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், வேலை ஓடும்!

பழசை வீசாதீர்!

கம்பி உள்ள பழைய கீபோர்டை காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். பேங்க் வேலைக்கும் பாஸ்வேர்டு அடிப்பதற்கும் அதை எடுத்துச் சொருகுங்கள். ஒயர் காலில் சிக்கலாம். உங்கள் ரகசியம் காற்றில் பறக்காது!