நீலம் பாரித்த குழந்தையின் தலைவலி

குழந்தைக்குத் தலைவலி, காய்ச்சல், வாந்தி என்றால் நாம் பெரிதும் அஞ்சுவதில்லை. பெரும்பாலும் அவை சில நாளில் தணிந்துவிடும். ஆனால் அக்குழந்தையின் உதடும் நாவும் நகமும் நீலம் பாரித்திருக்குமாயின், அத்தலைவலியை ஒரு நாளும் பொறுத்துப் பார்த்தல் ஆகாது.

இருதயக் குறைக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? உடலைச் சுற்றித் திரும்பும் அசுத்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, பிராணவாயு ஏற்ற பின்னரே மீண்டும் உடலெங்கும் பாய்கிறது. சொத்தைப் பல்லிலிருந்தோ சீழ் வடியும் காதிலிருந்தோ இரத்தத்தில் கலக்கும் கிருமிகளை நுரையீரல் வடிகட்டிபோல் தடுக்கிறது. 1888-ல் ஃபல்லோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் விளக்கிய பிறவி நோயில், இருதயத்தின் இடைச்சுவரில் துளை உண்டு. நுரையீரலுக்குச் செல்லும் வழியோ குறுகியது. ஆகவே அசுத்த இரத்தத்தின் ஒரு பகுதி, வடிகட்டப்படாமலே மூளையை அடைகிறது. பிராணவாயுக் குறைவால் இரத்தம் தடிப்புற, மூளையில் ஆங்காங்கே நுண்ணிய பகுதிகள் நலிகின்றன. அங்கே கிருமி தங்கிச் சீழ் கட்டுகிறது. இரண்டு வயதிற்குள் இஃது அரிது. அதன் பின்னரே மிகுதி.

வலிப்பும், ஒருபக்கக் கைகால் தளர்ச்சியும், மயக்கமும் தோன்றும்வரை காத்திருத்தல் உயிருக்கே கேடு. ஸ்கேன் படம் கட்டியைக் காட்டிவிடும். சீழை உறிஞ்சி எடுத்து, பல வாரங்கள் கிருமிக்கொல்லி மருந்து செலுத்துவர்; இருதயக் குறையைப் பின்னர்ச் சீர்செய்வர். சில குழந்தைகளுக்கு இருதயக் குறை உண்டென்பதே இக்கட்டி வந்த பின்னர்தான் தெரியவருகிறது. அதுவே பெருந்துயரம்.

திருவனந்தபுரத்தில் இருதயத்திற்கும் நரம்பு மண்டலத்திற்கும் ஒரே இடத்தில் உயர் சிகிச்சை அளிப்பது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். 1980-ல் பாராளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் பெற்றது. பிறவி இருதய நோயுள்ள குழந்தைகளுக்கெனக் கேரள அரசு 2017-ல் 'ஹ்ருத்யம்' திட்டத்தைத் தொடங்கியது.

எனினும் முதற்காவல் வீட்டில்தான். பால் குடிக்கையில் களைத்து வியர்ப்பதும், சிறிது ஓடியதும் குந்தி உட்கார்ந்துவிடுவதும், விரல்நுனி பருப்பதும் காணின், குழந்தையின் இருதயத்தைச் சோதிக்கச் செய்வோம். பற்களையும் பேணுவோம்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, குழந்தையைப் பிறந்தது முதல் அறிந்த மருத்துவர் அருகில் இரார். ஆதலின் பழைய மருத்துவக் குறிப்புகளை உடன் வைத்திருப்போம். 'இக்குழந்தைக்கு இருதயக் குறை உண்டு' என்னும் ஒரு வாக்கியத்தை அவ்வூர் மொழியில் கற்று, காய்ச்சலைச் சொல்லும் முன் அதனைச் சொல்வோம்.