அபாயமும் அரணும்

சிறைக் கைதிக்கு விடுதலை நாள் ஒன்று உண்டு. அந்த நாளை எண்ணியே அவன் காலம் தள்ளுகிறான். சித்த சுவாதீனமின்றிக் குற்றம் புரிந்து ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டவனுக்கோ பெரும்பாலும் அத்தகைய நாள் இல்லை. இனி இவன் தீங்கு செய்யான் என்று பிறர் நம்பும்வரை அவன் உள்ளேதான் இருக்கவேண்டும். அந்த நம்பிக்கை எதை ஆதாரமாகக் கொண்டு பிறப்பது?

அமெரிக்காவில் ஜானி பாக்ஸ்ட்ரம் என்பவரின் வழக்கு இதற்குத் தக்க திருஷ்டாந்தம். தாக்குதல் குற்றத்துக்காக 1959-ல் தண்டனை பெற்ற அவருடைய சிறைக்காலம் 1961 டிசம்பரில் முடிவுற்றது. ஆயினும் நியூயார்க் மாகாணச் சர்க்கார் அவரைச் சிறை இலாகாவின் மனநோய் ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவைத்தது. பிறருக்குள்ள விசாரணை உரிமையை இவருக்கு மட்டும் மறுத்தது சமத்துவத்துக்கு விரோதம் என்று 1966-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன் பயனாக, இவரைப் போன்ற 900-க்கு மேற்பட்டோர் சாதாரண மனநோய் ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றப்பட்டனர். நான்கு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்ப நேர்ந்தவர்கள் நூற்றுக்கு மூவரினும் குறைவு! அபாயம் என்ற ஒரு சொல் எத்தனை பேருடைய ஆயுளை விழுங்கியிருந்தது பாருங்கள்.

இத்தகைய மதிப்பீடு வைத்தியரின் மனம்போன போக்கில் அமையலாகாது என்பதற்காக, 1995-ல் கனடாவில் 'எச்.ஸி.ஆர்.-20' என்னும் முறை வெளியாயிற்று. பழைய வன்செயல், மது மயக்கம், தற்போதைய நோய்நிலை முதலிய 20 அம்சங்களை அது ஆராய்கிறது. நல்ல முறைதான், ஆனால் அது எடுத்துக்கொள்வது தராசின் ஒரு தட்டை மட்டுமே. கடந்தகாலக் குற்றத்தை எந்த மருந்தாலும் அழிக்க முடியாதன்றோ?

மற்றத் தட்டை நிறுக்க முன்வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 2007-ல் அவர்கள் வெளியிட்ட 'ஸாப்ராஃப்' முறை, மனிதனைத் தீங்கினின்று காக்கும் 17 அரண்களைக் கேட்கிறது. தன்னடக்கம் உண்டா? தொழில் உண்டா? மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறானா? வாழ்க்கையில் ஒரு லட்சியம் உண்டா? அன்பு காட்டும் சுற்றம் உண்டா? இவற்றுள் அறிவுத்திறனும் இளமையில் பெற்ற பாசமும் நீங்கலாக, ஏனைய 15-ம் மாறக்கூடியவை. ஆகவே முயன்று வளர்க்கத்தக்கவை.

அபாயத்தை மறந்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அடிபட்டவனின் அச்சமும் நியாயமானதே. இந்த முறைகளில் எதுவும் ஜோசியமன்று. இரண்டையும் சேர்த்து ஆராய்ந்து, நிபுணர் தம் பொறுப்பில் முடிவு சொல்லவேண்டும் என்பதே ஏற்பாடு.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இக்கருத்து புதிதன்று. சித்தப்பிரமை காரணமாக விடுவிக்கப்பட்டவனை, நன்கு பேணித் தீங்கு நேராமல் காப்பதாக ஜாமீன் தரும் உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்புவிக்கலாம் என்று நமது கிரிமினல் நடைமுறைச் சட்டம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது. சுற்றமே அரண் என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன? ஆனால் சுற்றம் கைவிட்டவன் கதி யாது? அவனுக்குத் தொழிலும் தங்குமிடமும் துணையும் அமைத்துக் கொடுப்பது சர்க்காரின் கடன். அரண் கட்டித் தராமல், அரணில்லாதவன் என்று கூறி ஒருவனை அடைத்துவைப்பது நீதியாகாது.