"மருந்து போட்ட மீனா?" கேள்விக்குப் பதில் நம்மிடம் இருக்க வேண்டும்

"இது நல்ல மீனா, மருந்து போட்டதா?" என்ற கேள்வி இன்று மீன் கடையோடு நிற்பதில்லை. கருவாடும் உறைமீன் பாக்கெட்டும் விற்கும் நமது மளிகைக் கடைகளிலும் கேட்கிறார்கள். இதற்கு நாம் எரிச்சல்படுவதில் பயனில்லை. தெளிவாகப் பதில் சொல்லும் கடைக்கே வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

இந்தப் பயம் காரணமின்றி வந்ததல்ல. 2018 ஜூன் மாதம் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் சோதனை நடத்தியது. தமிழக எல்லையை ஒட்டிய வாளையாறு, ஆரியங்காவு சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அடுத்த மாதமே கோவாவும் அசாமும் வெளிமாநில மீன் வரத்தைச் சில நாட்கள் தடை செய்தன. தவறு செய்தவர் சிலர். நஷ்டமோ நேர்மையாகத் தொழில் செய்தவருக்கும் சேர்த்துத்தான்.

ஃபார்மலின் என்பது பிணங்களைக் கெடாமல் வைக்கும் திரவம். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் அறிவித்தது. இதைக் கண்டறியக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எளிய காகிதப் பட்டைச் சோதனையை உருவாக்கியுள்ளது. பட்டையை மீன் மேல் தேய்த்து, உடன் வரும் கரைசலைச் சொட்டு விட்டால் சில நிமிடங்களில் நிறம் காட்டிவிடும். அம்மோனியாவுக்கும் இதேபோல் பட்டை உண்டு. மொத்த வியாபாரிகள் சரக்கு இறங்கும்போதே சோதித்துக் கொள்ளலாம்.

மருந்து கலக்காத மீனிலும் ஆபத்து உண்டு. சூரை, அயிலை, மத்தி போன்றவற்றை ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரும். ஆகவே பிடித்தது முதல் விற்பது வரை ஐஸ் குறையாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

ஆரோக்கியம் பற்றிக் கேட்போருக்கும் நாம் பதில் சொல்லலாம். மத்தி, அயிலை ஆகியவை விலை மலிவு. இதயத்துக்கு நல்லதென ஆய்வாளர் கூறும் ஒமேகா-3 கொழுப்பு அவற்றில் மிகுதி. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம்; ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் அதைச் சொல்லி விற்பதே நியாயம்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பில் இல்லாத சரக்கை வாங்க வேண்டாம். எந்தத் துறைமுகம், எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

2. கருவாடு நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரமும் பூஞ்சையும் உள்ளதைத் திருப்பி அனுப்புங்கள். வண்டு வராமலிருக்கப் பூச்சிமருந்து தெளித்த சரக்கைத் தொடவே வேண்டாம்.

3. உறைமீன் பெட்டியின் குளிர் மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. மின்செலவுக்காக இரவில் அணைப்பது சரக்கைக் கெடுக்கும்.

4. பாக்கெட்டில் தயாரித்த தேதி, காலாவதி தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பார்த்தே வாங்குங்கள்.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஒருமுறை கெட்ட பெயர் வந்தால் மீன் மட்டுமல்ல, அதே வாடிக்கையாளர் வாங்கும் அரிசியும் பருப்பும்கூட அடுத்த கடைக்குப் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.