டாக்டர்களுக்கு 10 நிமிட தியானம்! செல்போன் சொல்லிக் கொடுக்கிறது

ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் கதவை மூடுவதே இல்லை.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வருவார்கள். நெஞ்சு வலி என்று ஒருவர் துடிப்பார். தீக்காயம் பட்ட குழந்தையோடு தாய் ஓடி வருவாள். ஒரு கட்டிலில் உயிர் பிழைக்கும். அடுத்த கட்டிலில் உயிர் போய்விடும். கலங்கி நிற்க டாக்டருக்கு நேரம் கிடையாது. அதற்குள் அடுத்த ஆம்புலன்சு வாசலுக்கு வந்துவிடும்.

இரவும் பகலும் இதையே பார்த்தால் மனம் என்ன ஆகும்? மரத்துப் போகும். தூக்கம் வராது. நோயாளியைக் கண்டால் இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும். "நான் உழைத்து என்ன பயன்?" என்று தோன்றும்.

இதற்கு "பர்ன் அவுட்" என்று பெயர். எரிந்து தீர்ந்து போவது என்று பொருள். எண்ணெய் வற்றிய விளக்கைப் போல!

எழுந்திருக்க முடியவில்லை

இந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். நியூயார்க்கில் பகல் எல்லாம் தன் நோயாளிகளைப் பார்ப்பார். பிறகு ஏழைகளுக்கான இலவச ஆஸ்பத்திரிக்குப் போவார். வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும்.

ஒரு நாள் குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்பட வேண்டும். அவரால் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை!

பிறகு டேப் ரிக்கார்டரில் மனதில் இருந்ததை எல்லாம் பேசினார். அதைத் தானே போட்டுக் கேட்டார். அந்தக் குரலில் கோபமும் களைப்பும் தெரிந்தன. 1974-ல் இதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. "இது வியாதி அல்ல. வேலையால் வரும் நிலை" என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளக்கம் கொடுத்தது.

துறவியின் குரல்

அன்று டேப் ரிக்கார்டர். இன்று செல்போன்!

ஆண்டி புடிகோம் என்ற இங்கிலாந்து வாலிபர் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். புத்த துறவி ஆனார். வட இந்தியாவில் தீட்சை பெற்றார். பிறகு காவி உடையைக் களைந்துவிட்டு ஊர் திரும்பினார். பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் சர்க்கஸ் வித்தையும் அவருக்குத் தெரியும். 2010-ல் நண்பருடன் சேர்ந்து "ஹெட்ஸ்பேஸ்" கம்பெனியைத் தொடங்கினார்.

செல்போனைத் தட்டினால் அவர் குரல் கேட்கும். "கண்ணை மூடுங்கள். மூச்சைக் கவனியுங்கள். 1 முதல் 10 வரை எண்ணுங்கள். மனம் ஓடினால் திட்டாதீர்கள். மெல்லத் திரும்ப அழைத்து வாருங்கள்" என்ற முறையில் சொல்லிக் கொடுப்பார். பத்தே நிமிடம்தான். நம் பாட்டன்மார் திண்ணையில் உட்கார்ந்து செய்ததுதான். இப்போது சந்தா கட்டிச் செய்கிறார்கள்!

2020-ல் கொரோனா வந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஹெட்ஸ்பேஸ் இலவசம் என்று கம்பெனி அறிவித்தது.

பலன் உண்டா?

உண்டு. ஆனால் கொஞ்சம்தான். இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை ஊழியர்கள் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. தியானம் செய்தவர்களுக்கு மன அழுத்தம் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தது.

2024-ல் வேறு ஒரு முடிவு வந்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் ஒருவர், பல தொழில்களைச் சேர்ந்த 46 ஆயிரம் பிரிட்டிஷ் ஊழியர்களின் பதில்களை அலசினார். தியானம், பயிற்சி வகுப்பு போன்றவற்றில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. வேலைப் பளு குறையாமல், மூச்சை மட்டும் எண்ணினால் போதுமா?

நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவியாக இருந்தவர் டாக்டர் லோர்னா பிரீன். அவருக்கே கொரோனா வந்தது. தேறியதும் வேலைக்குத் திரும்பினார். மனம் உடைந்து போனது. 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக் கொண்டார். வயது 49.

மனநல சிகிச்சை பெற்றது தெரிந்தால் டாக்டர் லைசென்சு போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள்.

அவர் பெயரிலேயே 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மருத்துவ ஊழியர்களின் மனநலத்துக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் அது. லைசென்சு விண்ணப்பத்தில் "மனநல சிகிச்சை பெற்றது உண்டா?" என்று ஒரு கேள்வி இருந்தது. பல மாநிலங்கள் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டன.