ஆப்பிள் பூக்கும் பருவமும் தேனீயும்

டில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் இமாசல ஆப்பிள் இடம்பெறாத நாள் அரிது. அப்பழத்தை நெடுக்காக அரிவதே நம் வழக்கம். ஒருமுறை குறுக்காக அரிந்து நோக்கினால், நடுவே ஐந்து அறைகள் விண்மீன் வடிவில் அமைந்திருக்கக் காண்போம். அறைக்குப் பெரும்பாலும் இரண்டு விதைகள். விதை நிரம்பிய பழம் திரண்டு உருண்டிருக்கும். ஒரு புறத்து அறைகளில் விதை பிடிக்கவில்லையெனில் அப்புறம் வளர்ச்சி குன்றிப் பழம் கோணலாகும். பூத்த நாளில் தேனீ போதிய அளவு வரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அக்கோணலே சாட்சி.

ஏனெனில் ஆப்பிள் வகைகளிற் பல தம் மகரந்தத்தாலேயே காய்ப்பதில்லை. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பார் 1916ஆம் ஆண்டு சிம்லாவை அடுத்த கோட்கரில் நட்டுப் பரப்பிய ரெட் டெலிஷியஸ் வகைக்கு, கோல்டன் டெலிஷியஸ் போன்ற வேற்று வகை மரம் அருகே இருத்தல் வேண்டும். மகரந்தமோ கனமும் பிசுபிசுப்பும் உடையது. காற்று அதைச் சுமப்பதில்லை. தேனீயும் சில ஈ வகைகளுமே அதைக் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே இருவகை மரங்களும் ஒருங்கே மலரவேண்டும்; அச்சில நாட்களில் தேனீ பறப்பதற்கேற்ற இளவெயிலும் வேண்டும்.

இந்தப் பொருத்தம்தான் இப்போது குலைந்து வருகிறது. மரம் குளிர்காலத்தில் 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் ஏறத்தாழ 1,000 மணி நேரம் உறங்கி எழுந்தாலன்றி மொட்டு சீராக விரியாது. பனிப்பொழிவு குறைந்து குளிர் போதாத ஆண்டில் ஒரு வகை முந்தியும் மற்றொன்று பிந்தியும் பூக்கின்றன. மாசியில் வெப்பம் மிகுந்து பூ முந்திவிட்டாலோ, பின்னால் வரும் குளிர்மழையில் தேனீ கூட்டைவிட்டு வெளிவருவதில்லை. குலு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் உழவர் பலர் ஆப்பிளை விட்டு மாதுளைக்கு மாறினர். ஆப்பிளோ கின்னௌர், லாஹௌல் என உயரம் தேடி ஏறுகிறது.

மரம் ஏறலாம், தேனீக்கு வீடு வேண்டுமே! மலைநாட்டார் தம் மண்சுவரிலேயே மாடம் விட்டு நாட்டுத் தேனீயைக் குடிவைத்திருந்தனர். சிமெண்டுச் சுவர் வந்தபின் அம்மாடங்கள் அருகின. 1970களின் இறுதியில் இந்தியாவிற் புகுந்து புழுக்களைக் கொன்ற வைரஸ் நோயும் நாட்டுத் தேனீயைப் பெரிதும் அழித்தது. (1990களில் அதே நோயால் மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர் பட்ட துயரைக் குமரி மாவட்டத்து அன்பர்கள் அறிவர்.) 1962இல் காங்க்ராவின் நக்ரோட்டாவில் வேரூன்றிய ஐரோப்பியத் தேனீ இன்று பெட்டி பெட்டியாக வாடகைக்கு வருகிறது. குளிர்காலத்தில் சமவெளியின் கடுகு வயல்களில் தேன் சேர்த்த பெட்டிகள் பங்குனி, சித்திரையில் லாரி ஏறி மலைக்குச் செல்கின்றன. அது நல்ல ஏற்பாடே. ஆயினும் குளிர்ந்த காலையில் முந்திப் புறப்படுவது நாட்டுத் தேனீயே ஆதலின், ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றைக் கொள்ள நாம் தயங்குகிறோம். பூத்திருக்கும்போதே பூச்சிமருந்து தெளித்தால் இரண்டும் மடியும்.

வேற்று வகை மரம் போதாத தோட்டங்களில் உழவர் ஓர் உபாயம் செய்கின்றனர். அவ்வகையின் பூங்கொத்துகளை ஒடித்து, நீர் நிரப்பிய புட்டிகளிலிட்டு, காய்க்கவேண்டிய மரத்தின் கிளைகளில் தொங்கவிடுகின்றனர். பின்பு வானம் வெளுக்குமா என்று பார்த்திருக்கின்றனர்.