சுவரை விட மனை முக்கியம்

நியூயார்க் நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், பிளஸன்ட்வில் ஊரையொட்டி மரங்கள் அடர்ந்த மேட்டுச்சரிவில் ‘யூசோனியா’ என்ற குடியிருப்பு இருக்கிறது. ஏறத்தாழ 100 ஏக்கர், 47 வீடுகள். இயற்கையோடு இயைந்த ‘ஆர்கானிக்’ கட்டடக்கலையை வளர்த்த ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் பயின்ற டேவிட் ஹென்கென், நண்பர்களைத் திரட்டித் தொடங்கிய கூட்டுறவு இது. 1940-களின் இறுதியில் வீடுகள் எழத் தொடங்கின. பார்க்க வருவோர் கல்லையும் மரத்தையும் தாழ்ந்த கூரையையும்தான் வியக்கிறார்கள். அங்குள்ள அன்றாட வாழ்வை வடிவமைத்ததோ பெரும்பாலும் மனைப்பிரிவுதான் என்பது என் கருத்து. ரைட் நேரடியாக வடிவமைத்த வீடுகள் மூன்றே. ஆனால் மனைகளின் அமைப்பு அவர் வகுத்தது: ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஏக்கர், வட்ட வடிவம். வட்டங்களை அடுத்தடுத்து வைத்தால் நடுவே இடைவெளி மிஞ்சும். அது எல்லோருக்கும் பொது. மூலைக்கல் நட்டு வேலி போட வழியில்லை. ஒரு வீட்டின் தோட்டம் எங்கே முடிகிறது, பொது மரங்கள் எங்கே தொடங்குகின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் தெருவைச் சுற்றாமல் மரங்களுக்கு நடுவே அடுத்த வீட்டுக்குப் போகலாம். வீடுகளும் இதற்கு ஒத்தாசை செய்தன. படுக்கையறைகள் சிறியவை, கூடம் பெரியது. சமைப்பவர் கூடத்திலிருந்து ஒதுக்கப்படவில்லை.

ஒத்த மனம் கொண்ட இளம் குடும்பங்கள் விரும்பிச் சேர்ந்த இடத்தில் ஒற்றுமைக்குக் கட்டடக்கலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேர்ந்து திட்டமிட்டதும் பணத்துக்காகச் சேர்ந்து திண்டாடியதும் அவர்களைப் பிணைத்தது உண்மையே. ஆனால் நிலம் கூட்டுறவின் பெயரிலேயே இருந்ததால் கடன் தர வங்கிகள் தயங்கின; 1955-இல் வீடுகள் தனியுடைமையாயின. உடைமை மாறிய பிறகும் பெரும்பாலான குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கின. ஆரம்ப உற்சாகம் மட்டும் இத்தனை காலம் தாங்கியிருக்காது. வேலியற்ற நிலம் தினமும் அவர்களைச் சந்திக்க வைத்தது.

செலவு பற்றிய குறையை மறுக்க முடியாது. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் வீடு என்பதே நோக்கம். கணக்கு மீறியது, சிலர் விலகினார்கள். வளைந்த கல்சுவருக்குக் கைவேலை அதிகம், கூலியும் அதிகம். ஆனால் மனைகளுக்கு இடையே பொதுநிலம் விட அந்தக் கைவேலை தேவையில்லை. புதிதாக மனைப்பிரிவு போடுகிறவர்கள் யூசோனியாவிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அந்தப் பொதுநிலம்தான். நிலம் விலையுள்ள இடத்தில் அதுவும் இலவசமல்ல. ஒவ்வொரு குடும்பமும் தன் மனையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும்.