பீரங்கியைத் தொட்டுப் பார்க்கலாம், வாங்க!

காரைக்காலில் பஸ் ஏறினால் கோட்டுச்சேரி, பூவம், நண்டலாறு, பொறையாறு என்று ஊர்கள் ஓடி, பேச்சு முடிவதற்குள் தரங்கம்பாடி வந்துவிடும். காரைக்கால் பக்கம் பயணம் அமையும்போதெல்லாம் பிள்ளைகளோடு நான் மறுபடியும் ஓடிவருகிற இடம் அங்கே இருக்கிறது: டேனிஷ் கோட்டை என்கிற டான்ஸ்போர்க். 1792-ஆம் ஆண்டின் நகர வாசலுக்குள் நுழைந்து ராஜா வீதியில் நேரே நடந்தால், கடல் தெரியும் இடத்தில் கோட்டை நிற்கும். பிள்ளைகள் அதற்கு முன்பே ஓட்டம் பிடித்திருப்பார்கள்!

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அருங்காட்சியகம் மட்டுமல்ல இது. கோட்டையே காட்சிப்பொருள். மதில்மேல் ஏறலாம், இருட்டறைக்குள் எட்டிப் பார்க்கலாம், கடலைப் பார்த்து நிற்கும் பீரங்கியைக் கட்டிப்பிடிக்கலாம். இரும்பு வெயிலில் காய்ந்திருக்கும், ஜாக்கிரதை!

அந்தப் பீரங்கி எப்படிச் சுட்டது தெரியுமா? வெடிமருந்து உள்ளே போவது முன்பக்க வாய் வழியாகத்தான். அதன்மேல் அடைப்பு, பிறகு குண்டு, பிறகு நீண்ட கழியால் ஒரு கெட்டிப்பு. பின்பக்கம் மேலே ஒரு சின்னத் துளை. அதில் தீ வைத்ததும் முழக்கம்! குண்டு குழலைவிடச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறங்காது. உள்ளே காட்சிக்கு இருக்கும் சின்னக் குண்டுகளைப் பார்த்துவிட்டு, பீரங்கி வாயைக் கையால் அளந்து பாருங்கள். எந்தக் குண்டு எதற்குப் பொருந்தும் என்று பிள்ளைகள் போடும் சண்டையே ஒரு பாடம்.

இப்போது உட்பக்கம். கோட்டைக்கு இரண்டு தளம். கீழே வெடிமருந்துக் கிடங்கு, சரக்கறை, சிறை, சமையலறை, சிப்பாய்கள் தங்கிய இடம், பீரும் ஒயினும் வைத்த அறை. மேலே ஆளுநர் வீடு, வணிகர்களின் அறைகள், கூடவே ஒரு தேவாலயம். தலைக்கு மேலே ஜெபம், காலுக்குக் கீழே வெடிமருந்து! ஒட்டகத் திமில் போலப் புடைத்த குவிமாடங்களின் கீழ் நின்று இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவை, ஆளுநரோடு ஏற்பட்ட மோதலால் நான்கு மாதம் சிறை வைத்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். அந்த மனிதர்தான் பிறகு இதே ஊரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்.

அருங்காட்சியகக் கூடத்தில் வாள், குத்துவாள், ஈட்டி, சீனத் தேயிலைச் சாடிகள், பீங்கான், சுதைப் பொம்மைகள், திமிங்கில எலும்பு! எலும்பின் முன்னால் பிள்ளைகளை நகர்த்துவது பெரும்பாடு, நகர்த்தாதீர்கள், நிற்கட்டும்.

ஆனால் நான் எல்லோரையும் நிறுத்திச் சொல்ல விரும்பும் கதை காரைக்கால் கதை. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ஓரெசுண்ட் என்ற கப்பலைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் கடலில் மூழ்கடித்தார்கள். பலர் மாண்டார்கள், பலர் பிடிபட்டார்கள். இருவரின் தலைகளைக் கரையில் கழியில் குத்தி எச்சரிக்கையாக வைத்தார்கள். கப்பல் தலைவர் ரோலண்ட் கிராப்பேயும் பதின்மூன்று பேரும் தப்பிக் கரையேறி, தஞ்சை ரகுநாத நாயக்கர் முன் கொண்டுபோகப்பட்டார்கள். நாயக்கருக்கு வணிகத்தில் நாட்டம். பின்னால் வந்த டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவ் ஜெட்டேயின் காலத்தில், 1620 நவம்பரில், உடன்படிக்கை கையெழுத்தானது, கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

1845-இல் டேனியர் இந்தக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். பிறகு 1978 வரை இது பயணியர் விடுதி. தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு 1979-இல் அருங்காட்சியகம் ஆக்கியது. சண்டைக்குக் கட்டிய சுவர்களுக்குள் இன்று குடும்பம் குடும்பமாகச் சுற்றுகிறோம் என்பதைவிட மகிழ்ச்சியான முடிவு ஒரு கோட்டைக்கு என்ன இருக்க முடியும்!

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த கோட்டை இன்று இல்லை. அதனாலேயே காரைக்கால் பள்ளிக்கூடங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை இங்கே கூட்டிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கையால் தொட்ட வரலாறு மறக்காது. தங்கள் ஊர்க் கடலில் மூழ்கிய கப்பலும் இந்தக் கோட்டை பிறந்த கதையில் உண்டு என்பதை அடுத்த முறை வருகிற விருந்தாளிகளுக்கு அந்தப் பிள்ளைகளே சொல்லட்டும்!